சீப்புச் செடிப் பந்தல்

ஆந்திராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் ஊர் ஊராகப் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது மயில்சாமியின் ரிக் வண்டி. எண்பத்து மூன்றாம் வருசத்துக் கோடையில் அவருடைய சொந்தக் கிணற்றில் தவளை முங்கத் தண்ணீர் இல்லை. அதைச் சொல்லிக் கொண்டப்பநாயக்கன்பட்டி டீக்கடையில் சிரிக்காத ஆள் கிடையாது. மயில்சாமிக்கு மட்டும் அந்தச் சிரிப்பு காதில் விழாது.

"வண்டி சீசன்ல நிக்குது. மழ பேஞ்சு வண்டி ஊடு திரும்புனா நம்முளுதுல ஒரு போர்க்கெணறு போட்டுரலாம்" என்பார்.

மழை பெய்த பிறகு போர் எதற்கு என்று அவர் சம்சாரம் வசந்தாமணி கேட்டாள். பொம்பளைகளுக்குத் தொழில் புரியாது என்று பதில் வந்தது.

அவருக்கு அப்போது வேறு சோலி இருந்தது. அவர் செடி வளர்த்துக்கொண்டிருந்தார். வெண்டையும் கத்தரியும் வளர்க்கிறவனைச் செடி வளர்க்கிறவர் என்று யாரும் சொல்வதில்லை. அவன் வெறும் பண்ணையக்காரன். பூக்காமல் காய்க்காமல் இலையை மட்டும் விடுகிற ஒன்றைத் தொட்டியில் வைத்து, அதற்கு இங்கிலீஷில் பேர் சொல்லி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால்தான் செடி வளர்க்கிறவர்.

சேலத்தில் நூல் மில் முதலாளி சின்னராஜின் பங்களாவுக்கு போர் போடப் போன இடத்தில்தான் இந்தக் காற்று அடித்தது. தலையெல்லாம் பாறைத்தூளாக நின்ற மயில்சாமியை, பின்கட்டுக்குப் போய் டீ குடிக்கச் சொன்னான் வேலைக்காரன். முன்வராந்தாவில் பெரணித் தொட்டிகள் பச்சைச் சடையாகத் தொங்க, அவற்றின் நடுவில் பிரம்பு நாற்காலி போட்டு சின்னராஜும் இரண்டு டாக்டர்களும் பீங்கான் கோப்பையில் குடித்துக்கொண்டிருந்தார்கள். டீ என்னவோ ஒரே டீதான். ஆனால் பின்கட்டில் குடித்த டீ மயில்சாமிக்கு இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

அடுத்த மாசமே சங்கத்தில் சேர்ந்துவிட்டார். சேலம் வட்டார அலங்கார இலைச்செடி மற்றும் பெரணி வளர்ப்போர், ரசிப்போர் நற்பணிச் சங்கம். பேரை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் தொட்டியில் ஓர் இலை வாடிவிடும். தலைவர் சின்னராஜ். நடுவர் அவருடைய மனைவி சௌந்திரம். ஏற்காட்டில் கோடை விழா நடக்கிற சமயத்தில் இவர்கள் உறுப்பினர் வீடுகளுக்கு நேரில் வந்து பார்ப்பார்கள். சிறந்த இலைத் தோட்டத்துக்கு அன்று சாயங்காலம் மலை மேலே மேடை போட்டு வெள்ளிக் கோப்பை கொடுப்பார்கள்.

அந்தக் கோப்பைக்காக வாசலுக்குத் தெற்கே ஒரு பந்தல் முளைத்தது. நின்ற தென்னையிலெல்லாம் பச்சை மட்டையை வெட்டி இறக்கி, கீற்று முடைந்து கூரை போட்டார்கள். நாலு பக்கமும் ஈரச்சாக்கு. உள்ளே தொட்டி தொட்டியாகக் குரோட்டன்ஸ், யானைக்காது மாதிரிக் கலேடியம், மேலே கம்பியில் தொங்கும் கூடைகளில் பெரணி. சீப்புப் பல் மாதிரி இலை இருந்ததால் வசந்தாமணி அதைச் சீப்புச் செடி என்றாள். "பெர்ன்னு சொல்லு, பெர்ன்னு சொல்லு" என்று மயில்சாமி பள்ளிக்கூடம் நடத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

மலையில் பனியிலும் நிழலிலும் பிறந்த சாதி அது. கீழே இந்த வெயிலில் அது பிழைக்கவேண்டுமென்றால் விடிந்ததும் தெளிக்கவேண்டும், உச்சியில் தெளிக்கவேண்டும், பொழுது சாயத் தெளிக்கவேண்டும். செடிக்கு மட்டும் போதாது. தரையிலும் ஊற்றி ஊற்றிக் காற்றையே ஈரமாக வைத்திருக்கவேண்டும். பந்தலுக்குள் கால் வைத்தால் சொதசொதவென்று அமுங்கும். வெளியே வெள்ளாமைக் காடு முழுக்கக் கை நுழைகிற வெடிப்பு. கொழுக்கட்டைப் புல் வேரோடு தீய்ந்து, வெள்ளாடு கூடக் கற்றாழையை முகர்ந்து பார்த்துவிட்டு நின்றது.

கிணற்றில் ராத்திரி முழுக்க ஊறுகிற தண்ணீரை மோட்டார் காலையில் நாலு இழுப்பில் குடித்துவிட்டு வெறும் காற்றை உறிஞ்சும். அந்த நாலு இழுப்பும் பந்தலுக்கு. அதற்குப் பிறகு வசந்தாமணி படியிறங்கிப் போய், பாறைக் குழியில் தேங்கியதைச் சொம்பால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றி மேலே கொண்டுவருவாள். அதில்தான் சோறு, அதில்தான் குளியல், அதில்தான் எருமை.

எருமை அவளுடையது. கல்யாணத்தின்போது நாமகிரிப்பேட்டையிலிருந்து அவள் அப்பன் வண்டியில் ஏற்றிவிட்ட எருமையின் மகள் வயிற்று மகள். இந்த வீட்டில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை. சினையாக இருந்தது; வெறும் காய்ந்த சோளத்தட்டைத் தின்றே அந்தக் கோடையைத் தள்ளிக்கொண்டிருந்தது. சேற்றில் புரளவேண்டிய ஜீவன். மேலுக்கு ஊற்ற ஒரு குடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்.

"ஏனுங்க, அந்தப் பந்தலுக்கு ஊத்தறதுல ஒருக்கா கொறச்சுக்கங்க. எருமெ நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிக்குது."

"ஏ புள்ள, அது ஹியூமிடிட்டி. கொறைக்க முடியாது."

"என்ன எழவோ இருந்துட்டுப் போவட்டும். பூக்குதா, காய்க்குதா? மாடு திங்குமா, ஆடு திங்குமா? கொழம்புல போட முடியுமா?"

"பாக்கறதுக்கு."

"நானுந்தான் பாக்கறதுக்கு இருக்கறேன். எனக்கு எவன் மூணு நேரம் தண்ணி தெளிக்கறான்?"

மயில்சாமி சிரிக்கவில்லை. சங்கத்தில் சேர்ந்த பிறகு அவர் வீட்டில் சிரிப்பதை விட்டிருந்தார். "அவிக வர அன்னைக்கு அந்த எருமெய வாசல்ல கட்டாதே. வாசம் அடிக்கும்" என்று மட்டும் சொன்னார்.

நடுவர்கள் வருவதற்கு முதல் நாள் வசந்தாமணி ஒப்புட்டுப் போளிக்குப் பருப்பு அரைக்க, பக்கத்துக் காட்டில் இருந்த மயில்சாமியின் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவள் வீட்டு ஆட்டுக்கல்லைப் பந்தலுக்குள் வைத்து அதன் மேல் குரோட்டன்ஸ் தொட்டியை ஏற்றியிருந்தார்கள். அழகாக இருக்கிறதாம்.

அண்ணன் பெண்டாட்டி ராமாயி பருப்பைத் தள்ளிவிட்டபடி கேட்டாள். "ஏம்புள்ள, நாளைக்கு யாரோ தழ பாக்க வாராங்களாமா?"

"ஆமாக்கா."

"பொண்ணு பாக்க வருவாங்க, மாடு பாக்க வருவாங்க. தழ பாக்க வாரதுக்கு ஒப்புட்டா! நல்லாத்தான் இருக்குது போ. தழ புடிக்கலீன்னா ஒப்புட்டத் திருப்பிக் குடுத்துருவாங்களா?"

வசந்தாமணிக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அவள் புறப்படுகையில்தான் மயில்சாமி பருத்திக்கு அடிக்கிற மருந்து டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தார். எதற்கு என்றதற்கு, சங்கத்தில் ஒருவர் இரவல் கேட்கிறார் என்றார். அவளும் மாட்டுக் கட்டுத்தரையின் அட்டாலிப் பரணில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் பந்தல் பக்கம் ஒரே ஊதுவத்தி மணம். மயில்சாமி சஃபாரி சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் கத்தரிக்கோலோடு, பெரணிக் கூடைகளிலிருந்து இலை இலையாக வெட்டிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். பண்ணையாள் வீரன் அதைக் கூடையில் அள்ளி, கட்டுத்தரைக்குப் பின்னால் வேலியோரம் கொட்டினான். அதை மூடிவிடும்படி மயில்சாமி சொல்லவில்லை. ஏன் வெட்டுகிறார் என்றும் சொல்லவில்லை.

சேலத்திலிருந்து செடி வியாபாரி உசேன் பாய் வண்டி பிடித்து நாலு பெரிய தொட்டிகளோடு வந்து இறங்கினார். போட்டி சமயத்தில் தொட்டிகளை ஒரு நாளுக்கு வாடகைக்கு விடுவது அவர் தொழில். இந்த வீட்டில் காலையில் நின்று பரிசு வாங்குகிற செடி, மத்தியானம் இன்னொரு வீட்டில் நின்று ஆறுதல் பரிசு வாங்கும்.

"இந்தப் பெருசு இருக்குதே தங்கச்சிம்மா, போன வருசம் தலைவர் ஊட்லயே மொதப் பரிசு வாங்குனது. ராசியான தொட்டி" என்றார் வசந்தாமணியிடம்.

"அப்பத் தலைவரு கண்டுபுடிச்சுற மாட்டாருங்களா பாய்?"

"அவரு எங்க செடியப் பாக்கறாரு? போட்டோக்காரனத்தான பாப்பாரு."

ஒப்புட்டு தட்டிப் போட்டு, நெய் வார்த்துத் திருப்பி எடுத்துவிட்டு வெளியே வந்தவள் வேலியோரம் அந்தக் குவியலைப் பார்த்தாள். பச்சை. சில இலைகள் ஓரம் கருகியிருந்தாலும் பெரும்பாலும் நல்ல பச்சை. இந்தக் கோடையில் அந்தக் காட்டில் அவள் பார்த்த முதல் தழைக் குவியல். அத்தனை நாளும் அவள் சுமந்து ஊற்றிய தண்ணீரெல்லாம் அங்கே குவிந்து கிடந்தது.

'மாடு திங்குமான்னு கேட்டேனே, தின்னுட்டுப் போவுது' என்று ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தாள். அடுப்புப் புகையிலும் நெய்யிலும் ஊதுவத்தியிலும் மூக்கு மரத்துப் போயிருந்தது. இரண்டு கையாலும் வாரி எடுத்துக் கொண்டுபோய் எருமைக்கு முன்னால் போட்டாள். அது முதலில் மூச்சு விட்டு விலகியது. பிறகு ஒரு வாய் கடித்தது. பச்சையின் ருசி நாக்கில் பட்டதும் தலை நிமிராமல் தின்றது. வசந்தாமணி அதன் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றாள். பந்தல் மேல் இருந்த கோபம் அன்றைக்குத்தான் கொஞ்சம் குறைந்தது. தின்று முடித்ததும் இன்னொரு தடவை வாரிக் கொண்டுவந்து போட்டாள்.

வெயில் ஏறுவதற்குள் எருமை விழுந்துவிட்டது.

வீரன்தான் முதலில் கத்தினான். ஓடிப்போய்ப் பார்த்தபோது நாலு காலும் விறைத்து இழுத்துக்கொண்டிருந்தது. வாயில் நுரை. கண்ணு முழி மேலே செருகி, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வயிற்றுக்குள் கன்று உருள்வது வெளியே தெரிந்தது. வசந்தாமணி உட்கார்ந்து அதன் வாயைத் துடைத்தாள். துடைத்த முந்தானையிலிருந்து மணம் வந்தது. பருத்திக் காட்டில் மருந்தடித்த அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைகிற மணம்.

மயில்சாமி வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

"அதுக்கு என்ன போட்டே?"

"நீங்க வெட்டிப் போட்ட தழ. அதுல என்ன கெரகத்த அடிச்சீங்க?"

உசேன் பாய் வேலியோரம் மிஞ்சிக் கிடந்த இலை ஒன்றை எடுத்துத் திருப்பினார். அடிப்பக்கம் ஓரம் நெடுகப் பழுப்புப் புள்ளிகள், தையல் போட்டது போல வரிசையாக.

"கவுண்டரே, இதையா பூச்சின்னு நெனச்சீங்க?"

"நேத்துப் பாத்தேன். எல்லா எலையிலயும் ஒட்டிட்டு இருந்துது. வெள்ளாமைல இப்பிடி ஒண்ணு கண்டா உடுவமா? நாளைக்கு அவிக வாராங்க..."

"அட அல்லா. அது வெத. இந்தச் செடிக்குப் பூ இல்ல, எலைக்கு அடியிலதான் வெத புடிக்கும். நல்லா இருக்கற செடிக்குத்தான் வரும். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே!"

கேட்டிருக்கலாம். ஆனால் செடி வியாபாரியிடம் கேட்டால் செடி தெரியாது என்று ஆகிவிடும். காலையில் கருகிய இலைகளை வெட்டுகையில் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கலாம். அவளிடம் சொன்னால் தப்பு என்று ஆகிவிடும்.

"வாசல்ல நிக்கற ஜீப்ப எடுங்க. கன்னங்குறிச்சி போயி மாட்டு டாக்டரக் கூட்டியாங்க" என்றாள் வசந்தாமணி.

"இப்பவா? அவிக வர நேரம். மாலையோட வாசல்ல நான் நிக்க வேண்டாமா?"

"எருமெ சாவுதுங்க!"

"கத்தாதே. வெளிய கேக்கும். டேய் வீரா, அந்த ரிக் வண்டித் தார்ப்பாய எடுத்தா. மேல போத்து. அவிக போனதும் பாத்துக்கலாம்."

வீரன் வசந்தாமணியைப் பார்த்தான். அவள் எருமையின் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். உசேன் பாய் தலைத்துண்டை உதறிக் கட்டினார். "நான் போறேன் தங்கச்சிம்மா. செடி ஏத்தி வந்த வண்டி நிக்குது. கூட்டிட்டே வாரேன்" என்று ஓடினார்.

அவர் வண்டி வெளியே திரும்பவும், சின்னராஜின் கார் உள்ளே திரும்பவும் சரியாக இருந்தது. பின்னால் போட்டோக்காரர் ஸ்கூட்டரில்.

சின்னராஜ் பந்தலுக்குள் நுழைந்ததும் மூச்சை ஆழமாக இழுத்துவிட்டார். "ஆஹா. இயற்கை! மனுசன் இயற்கையை விட்டு விலகினதுதான் இந்த வறட்சிக்கெல்லாம் காரணம்" என்றார். அவர் மில் சாயக்கழிவு எந்த ஓடையில் ஓடுகிறது என்று இயற்கை திருப்பிக் கேட்கவில்லை. வாடகைத் தொட்டியின் முன் நின்று, "இந்த மாதிரி ஒரு செடியை வளர்த்தெடுக்க ஒரு தவம் வேணும் மயில்சாமி. எங்க வீட்டிலே கூட இவ்வளவு சிறப்பா வரலே" என்றார். அது அவர் வீட்டில் போன வருசம் நின்ற அதே தொட்டி.

சௌந்திரம் அம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பெரணியைத் தொட்டாள். "ஓரமெல்லாம் கறுப்பா இருக்கே?"

மயில்சாமி கூடையைத் திருப்பிவிட்டார். "அது... புது ரகமுங்க. கருங்கரை."

"ஓ, பிளாக் பார்டர்! பெங்களூர்லே பாத்திருக்கேன்" என்றார் சின்னராஜ். சௌந்திரமும் தானும் பார்த்ததாகச் சொன்னாள். கூடுதலாக மதிப்பெண் போட்டாள்.

வாசலில் நாற்காலி போட்டு ஒப்புட்டு வைத்தார்கள். வசந்தாமணி கொண்டுவந்து வைக்கவில்லை. மயில்சாமியே தூக்கிக்கொண்டு வந்தார். சின்னராஜ் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். "நெய்யா இது! எந்தக் கடையிலே வாங்கறீங்க? எங்களுக்கும் சொல்லிவிடுங்க."

"கடையில்லீங்க" என்று குரல் கேட்டது. வசந்தாமணி கட்டுத்தரை முனையில் நின்றிருந்தாள். முந்தானை முழுக்க நுரை. "நெய்யி அங்க தார்ப்பாய்க்கு அடியில கெடக்குதுங்க. வாங்க, வந்து பாருங்க. இன்னும் உசுரு இருக்குது. அதையும் போட்டோப் புடிக்கச் சொல்லுங்க."

தார்ப்பாய் ஒரு தடவை தூக்கிப் போட்டது. அதற்கடியிலிருந்து ஒரு கால் வெளியே நீண்டு, மண்ணைப் பறித்து, நின்றது.

சௌந்திரம் ஒப்புட்டைத் தட்டில் வைத்துவிட்டாள். சின்னராஜ் வாயில் இருந்ததை விழுங்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு விழுங்கினார்.

"என்னாச்சு?"

"வெயிலுங்க. வெயில் தாங்காம..." என்றார் மயில்சாமி.

"மருந்துங்க. உங்க கோப்பைக்குன்னு அடிச்ச மருந்து."

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. வாயில்லா ஜீவன்" என்றார் சின்னராஜ், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. "அடுத்த வீடு அஸ்தம்பட்டி. நேரமாச்சு. மயில்சாமி, நீங்க சாயங்காலம் மேலே வரவேண்டியிருக்கும். புரியுதில்லே? கட்டாயம் வாங்க." காருக்குள் ஏறின பிறகு சௌந்திரம் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

உசேன் பாய் டாக்டரோடு வந்தபோது தார்ப்பாய் அசைவதை நிறுத்தியிருந்தது. டாக்டர் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். "கொஞ்சம் முந்தி வந்திருந்தாப் பாத்திருக்கலாம்" என்றார். வயிற்றில் கை வைத்துவிட்டு எடுத்தார். "கறிக்கு யாரும் தொடக் கூடாது. நாய் இழுக்காதபடி நல்லா ஆழமாப் பொதைச்சிருங்க. இன்னைக்கே."

மயில்சாமி எருமையைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார்.

"போயிட்டுச் சீக்கிரம் வந்தர்றேன் அம்மிணி. இப்ப நான் இங்க இருந்தும் என்ன ஆவப்போவுது? ஒரு தடவ மேடையில ஏறிட்டு வந்தர்றேன்."

வசந்தாமணி அவரைப் பார்க்கவில்லை. ஜீப் மலைப் பாதையில் திரும்பித் திரும்பி ஏறுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. காலையில் அதே ஜீப் ஓர் எட்டு கன்னங்குறிச்சிக்குப் போயிருக்கலாம்.

வீரன் வேலியோரம் கடப்பாறையைப் போட்டான். டங்கென்று எகிறியது. கொஞ்சம் தள்ளிப் போட்டான். பொறி பறந்தது. மாட்டுச் சாளைக்குப் பின்னால், தென்னை மரத்தடியில், களத்து மேட்டில் என்று ஒவ்வோர் இடமாகப் போட்டுப் பார்த்தான். சுண்ணாம்புக் கல் மாதிரி இறுகிக் கிடந்த நிலம் ஒரு விரல் கூட உள்ளே விடவில்லை. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது.

"எறங்க மாட்டீங்குது அம்மிணி. பூமி செத்துப் போச்சாட்டிருக்குது."

ராமாயியும் அவள் புருசனும் மண்வெட்டியோடு வந்திருந்தார்கள். அண்ணன்காரர், "இந்தக் காட்டுல குழி வெட்டோணும்னா உம் புருசன் ரிக் வண்டிதான் வரோணும்" என்றார். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

வசந்தாமணி எழுந்தாள். நேராகப் பந்தலுக்குப் போனாள். ஈரச்சாக்கை ஒரு பக்கம் பிடித்து இழுத்துக் கீழே போட்டாள். வெறும் காலால் தரையை அமுக்கிப் பார்த்தாள். கட்டைவிரல் முழுசும் உள்ளே போனது.

"வீரா, இங்க வா."

"அம்மிணி, கவுண்டரு வந்தா..."

"வரட்டும். இங்க போடு."

உசேன் பாய் தயங்கித் தயங்கி முன்னே வந்தார். "எம்பட தொட்டி நாலையும் மட்டும் எடுத்துக்கறேன் தங்கச்சிம்மா."

"எடுத்துக்கங்க பாய். என்ர ஆட்டுக்கல்லையும் அப்பிடியே அக்கட்டால நகத்தி வெச்சிருங்க."

கடப்பாறை முதல் குத்திலேயே ஒரு முழம் இறங்கியது. வீரன் அதிர்ந்துபோய்க் கையை விட்டுவிட்டான். கடப்பாறை தானாக நெட்டுக்குத்தாக நின்றது. அதற்குப் பிறகு வேலை ஓடியது. தொங்குகிற கூடைகளை ராமாயி ஒவ்வொன்றாக அறுத்து வெளியே வெயிலில் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள். அண்ணன்காரர் வெட்ட, வீரன் அள்ள, மண் கறுப்பாகக் களி போல மேலே வந்தது. இடுப்பளவு போனதும் குழியின் மூலையில் தண்ணீர் கசிந்து ஊறியது.

எல்லோரும் நின்று அதைப் பார்த்தார்கள். அந்தக் கோடையில் கிணற்றுக்கு வெளியே தண்ணீர் ஊறி யாரும் பார்த்ததில்லை.

பொழுது மலைக்குப் பின்னால் இறங்குகையில் ஜீப் வந்து நின்றது. மயில்சாமி கழுத்தில் சம்பங்கி மாலையோடு, மார்போடு அணைத்த வெள்ளிக் கோப்பையோடு இறங்கினார். வாசலில் வாடிச் சுருண்டு கிடந்த பெரணிகளை மிதித்துவிட்டு நின்றார். பந்தலில் கீற்று மட்டும் மிச்சமிருந்தது. அதற்கடியில் குழி. குழிக்குப் பக்கத்தில் எருமை.

"அட பாவி மவளே! மொதப் பரிசு வாங்கின எடம் அது. எடமா கெடைக்கல உனக்கு?"

"கெடைக்கலீங்க" என்றாள் வசந்தாமணி. "காடு பூராப் போட்டுப் பாத்தாச்சு. கடப்பாற எறங்குற எடம் இது ஒண்ணுதான். தண்ணியெல்லாம் இங்கதான இருக்குது."

மயில்சாமி வாயைத் திறந்தார். அண்ணன்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

வசந்தாமணி அவர் முன்னால் வந்து கையை நீட்டினாள். கேட்கவில்லை, கோப்பையை எடுத்துக்கொண்டாள். குழிக்குள் இறங்கி, மூலையில் ஊறியிருந்த கலங்கல் தண்ணீரைக் கோப்பையால் மொண்டாள். மேலே ஏறிவந்து எருமையின் நெற்றியில் ஊற்றினாள். மறுபடி இறங்கினாள். மறுபடி மொண்டாள். கொம்பிலிருந்து வால் வரைக்கும் மேல் நனைகிற மட்டும் ஊற்றினாள்.

"நல்லாக் குளி சாமி" என்றாள்.

பிறகு கோப்பையை வீரனிடம் கொடுத்தாள். "கட்டுத்தரையில போடு. நாளையிலேர்ந்து கெணத்துல மொள்றதுக்கு ஆவும்."